அந்த ‘ஓகே’ எந்தப் படத்துக்கு? – பனியன் கம்பெனி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் இயக்குநர் குழுவினருக்கும்,

கடந்த மாதம் 8-ஆம் தேதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். அச்சுப் பிழையால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பு, சம்பந்தப்பட்ட வடிவமைப்பாளரின் சம்பளத்தில் ஈடுசெய்யப்படும் என்பது அதன் சாரம். அதன் மை காய்வதற்குள், 10-ஆம் தேதி, எங்கள் வடிவமைப்புப் பிரிவிலேயே வயதில் சிறியவளான ஒரு பெண்ணின் சம்பளத்தில் 4,500 ரூபாய் பிடிக்கப்பட்டது. இன்னும் மூன்று மாதம் இதே தொகை பிடிக்கப்படுமாம். மொத்தம் 18,000 ரூபாய். வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் வழியாக இரண்டு வேளையும் பஸ்ஸில் வந்து போகிறவள் அவள்.

இதை உள்ளேயே பேசித் தீர்க்கப் பார்த்தேன். மனிதவளப் பிரிவுக்கு இரண்டு கடிதம் கொடுத்தேன், உங்களுக்கு நேரடியாக ஒன்று. மூன்றுக்கும் பதில் வரவில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை நான் எங்கும் சொல்லப்போவதில்லை. கோவையில் மோட்டார் பம்பு கம்பெனியிலும், ஈரோட்டில் ஜவுளிக் கடையிலும், கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியிலும் இதே வேலை பார்க்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் இதைப் படித்தால் தங்கள் கம்பெனியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

இந்தப் பிடித்தத்துக்குக் காரணமான பெட்டி விவகாரத்தில் நடந்ததை நேரப்படி சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் அப்படியே இருக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்கள் பனியனுக்கான அட்டைப்பெட்டி அது. வாடிக்கையாளர் குறை சொல்வதற்கான தொலைபேசி எண் மாறியிருந்தது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த எண் பெட்டியில் இருந்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம், அச்சுக்கூலி எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்காகக் கொள்முதல் பிரிவு பழைய எண் உள்ள ஆர்ட்வொர்க்கை, அதாவது அச்சு வடிவமைப்பைச் சிவகாசி அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பியது. விலை சொல்வதற்குப் பெட்டியின் அளவும் எத்தனை வண்ணம் என்பதும் தெரிந்தால் போதும். அதனால் பழையதை அனுப்பியதைத் தவறென்று சொல்ல மாட்டேன். மாலை 6.10-க்கு அந்தப் பெண் புதிய எண்ணைப் போட்டு முதல் படத்தைக் குழுவில் ஏற்றினாள். குழுவில் 14 பேர். 6.42-க்கு விற்பனைப் பிரிவிலிருந்து “லோகோ இன்னும் பெரிதாக வேண்டும்” என்று வந்தது. 7.30-க்கு லோகோவைப் பெரிதாக்கி இரண்டாவது படத்தைப் போட்டாள். 7.50-க்கு இன்னொருவர் “முன்பு இருந்ததே நன்றாக இருந்தது” என்றார். 8.15-க்கு ஒரு கும்பாபிஷேக அழைப்பிதழ் வந்து விழுந்தது. அதற்கு ஆறு பேர் கைகூப்பினார்கள். 9.14-க்கு நிர்வாக இயக்குநராகிய உங்களிடமிருந்து “ஓகே” என்று ஒரு சொல் வந்தது.

அந்த ஓகே எதற்கு? முதல் படத்துக்கா, இரண்டாவதுக்கா, “முன்பு இருந்ததே நன்றாக இருந்தது” என்ற கருத்துக்கா? கும்பாபிஷேகத்துக்கு வருவதாகச் சொன்னீர்கள் என்றுகூட ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்.

கொள்முதல் பிரிவு உடனே அச்சகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “ஓகே ஆகிவிட்டது, ஓட்டிவிடுங்கள்” என்றது. அவள் 9.40-க்கு, புதிய எண் உள்ள அச்சுக் கோப்பைக் கொள்முதல் பிரிவின் மின்னஞ்சலுக்கு அனுப்பினாள். மறுநாள் காலை 11 மணி வரை அதை யாரும் திறக்கவில்லை. அச்சகம் தன் கையில் என்ன இருந்ததோ அதை ஓட்டியது. 32,000 பெட்டிகள், எல்லாவற்றிலும் பழைய எண்.

பேக்கிங் பெண்கள் நான்கு நாள் உட்கார்ந்து அந்த எண்ணின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கருக்கும் கூலிக்கும் சேர்த்து 36,000 ரூபாய் ஆனது. அதில் பாதியை நிறுவனமே ஏற்றுக்கொண்டதாகப் பெருந்தன்மையுடன் சொல்லியிருக்கிறீர்கள். மீதிப் பாதி அவள் தலையில்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் வேலையில் சோம்பல் காட்டவும் இல்லை. ஆனால் 14 பேரில் தண்டம் கட்டுவது, சரியான எண்ணைப் போட்டு, சரியான கோப்பை அனுப்பிய ஒரே ஆள்.

இப்போது இதே கட்டடத்தின் மேல்தளத்துக்கு வாருங்கள். துணிக்கு என்ன மரியாதை நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு நிறம் வேண்டும் என்றால் சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப் என்னும் சாய மாதிரி வருகிறது, ஏ, பி, சி என்று மூன்று துண்டுகள். விளக்குப் பெட்டிக்குள் வைத்து முதலில் டி65 என்னும் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார்கள், பிறகு டி.எல்.84 என்னும் கடை வெளிச்சத்தில். ஒன்றில் பொருந்தி மற்றொன்றில் மாறுகிற நிறம் தள்ளப்படுகிறது. வாங்குபவர் “பி” என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போடுகிறார். துண்டில் பாதி அவரிடம், பாதி நம் கோப்பில். பிரின்ட் என்றால் ஸ்ட்ரைக் ஆஃப் என்னும் அச்சு மாதிரியைப் பார்க்க வேண்டும். அப்புறம் எல்லா அளவிலும் ஒவ்வொன்று தைத்த சைஸ் செட், அதற்கப்புறம் பி.பி. சாம்பிள், அதாவது உற்பத்திக்கு முந்தைய கடைசி மாதிரி. அதற்குச் சீல் வைத்து, அட்டை கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் கட்டிங் மாஸ்டர் துணியில் கை வைப்பார்.

உங்களுக்கு நினைவிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் கப்பல் தேதி நெருக்கியபோது நீங்களே கட்டிங் மேசைக்கு வந்து, “வெட்ட ஆரம்பித்துவிடுங்கள், அப்ரூவல் நாளைக்கு வந்துவிடும்” என்றீர்கள். மாஸ்டர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “சீல் சாம்பிள் வரட்டுங்க” என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டீர்கள். மறுநாள் வந்த அப்ரூவலில் கழுத்து அளவு அரை அங்குலம் மாறியிருந்தது.

அந்த மாஸ்டருக்கு இருக்கும் பாதுகாப்பு எங்களுக்கு இல்லை. 2016-இல் ஒரு காலண்டர் வேலையின்போது, “எந்தப் படத்துக்கு ஓகேங்க?” என்று நான் குழுவில் கேட்டேன். “இதுகூடப் புரியாதா?” என்று பதில் வந்தது. அப்போது எனக்கு இங்கே பத்து ஆண்டு அனுபவம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண் எப்படிக் கேட்பாள்?

குற்றம் முழுவதும் மேலே என்று சொல்லி நான் கையைக் கழுவவில்லை. எங்கள் பிரிவுக் கணினியில் ஒரு பெட்டியின் கோப்புகள் இந்தப் பெயர்களில் கிடக்கின்றன: பெட்டி பைனல், பெட்டி பைனல் புதியது, பெட்டி இதுதான் பைனல், பெட்டி எம்.டி. சொன்னது, பெட்டி எம்.டி. மறுபடியும் சொன்னது. இப்படிப் பெயர் வைக்கும் பழக்கம் என்னிடமிருந்துதான் மற்றவர்களுக்குத் தொற்றியது. பெயரில் தேதியையும் பதிப்பு எண்ணையும் போடு என்று பத்து ஆண்டுகளுக்கு முன்பே நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயர்களில் இன்னொன்றும் தெரிகிறது. எது கடைசி என்று எங்களுக்கே கடைசி வரை தெரிந்ததில்லை.

வாட்ஸ்அப்பை நான் குறை சொல்லவில்லை. அது பேசுவதற்கான இடம். சந்தைப்பேட்டையில் நின்று பத்திரம் பதிவு செய்ய முடியாது, அவ்வளவுதான்.

அதில் படம் அனுப்பினால் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தத் திட்டும் எங்களுக்குத்தான் விழுகிறது. நம் கேமராவில் எடுத்த படம் 6,000 புள்ளி அகலம். அதைச் சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுமார் 1,600 புள்ளியாகச் சுருங்கிவிடும். அதைத்தான் விற்பனைப் பிரதிநிதி ஈரோட்டு டீலருக்கு அனுப்பினார், டீலர் பிளக்ஸ் கடைக்கு அனுப்பினார், கடைக்காரர் 20 அடிக்கு இழுத்து அடித்தார். கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு ஏழு புள்ளிகூடத் தேறவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. “படம் ஏன் கஞ்சி மாதிரி இருக்கிறது? கேமரா சரியில்லையா?” என்று கூட்டத்தில் கேட்டீர்கள். கேமரா நன்றாகத்தான் இருந்தது. ஆவணமாக அனுப்பியிருந்தால் படம் சுருங்கியிருக்காது. பொதுவான ஒரு சேமிப்பகத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

அதே பிளக்ஸில் தமிழும் உடைந்திருந்தது. “கொங்கு மண்ணின் சொந்தப் பனியன்” என்பது வாசகம். நாங்கள் கொடுத்த வாசகத்தை அங்கே யாரோ போட்டோஷாப்பில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த மென்பொருளின் பழைய பதிப்புகளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்காது. “கொ” என்பதில் க முதலில் வந்து, கொம்பும் காலும் அதன் பின்னால் அனாதையாக நின்றன. பஸ் நிலையத்துக்கு எதிரே, நம் கொங்கு நாட்டின் பெயரே கால் ஒடிந்து மூன்று வாரம் தொங்கியது. 2010 ஜூன் மாதம், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதம், கணினித் தமிழ் எழுத்துக்குத் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்றும் நம் அச்சகங்களில் ஒருவர் பாமினி என்னும் பழைய எழுத்துருவைக் கேட்கிறார், ஒருவர் யூனிகோடு கேட்கிறார், ஒருவர் எழுத்தே வேண்டாம், படமாகக் கொடு என்கிறார். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒரு புள்ளியோ ஒரு துணைக்காலோ விழுந்துவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்த ஒரு கண் வேண்டும். நம் நிறுவனத்தில் ஊசி உடைந்தால் எந்தத் துண்டும் துணியில் தங்கிவிடாதபடி தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிவைக்க ஆள் உண்டு. எழுத்து உடைந்தால் பார்க்க ஆள் இல்லை. பனியனுக்கு இத்தனை செக்கிங் மேசை இருக்கும் இடத்தில் மெய்ப்புப் பார்க்க ஒரு நாற்காலிகூட இல்லை.

நிறத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்றோடு நிறுத்துகிறேன். ராமர் பச்சைச் சட்டை இணையத்தில் மயில்கழுத்து நிறமாகத் தெரிகிறது என்று பார்சல்கள் திரும்பி வந்தனவே, அந்தப் படங்கள் பேக்கிங் அறையின் டியூப் லைட்டுக்கு அடியில், அவசரம் என்று போனில் எடுக்கப்பட்டவை. பக்கத்து அறையில் விளக்குப் பெட்டி சும்மாதான் இருந்தது. ஒரு சாம்பல் அட்டையைச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்திருந்தால், அதை அளவுகோலாக வைத்து நிறத்தைத் திருத்தியிருக்கலாம்.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும்.

சாயக் கழிவுநீர் நொய்யலில் கலந்ததால், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுத் திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஊரே ஸ்தம்பித்து நின்ற அந்த நாட்களில் ஒரு மதியம், நம் நிறுவனத்தைத் தொடங்கிய பெரியவர் என்னைக் கூப்பிட்டு, “கேமராவை எடுத்துக்கொண்டு வா கண்ணு” என்றார். நொய்யல் கரைக்குப் போனோம். கரையில் நின்றபடி ஐம்பது நிமிடம் பேசினார். ஒரே ஒரு பவர் டேபிளோடு, அதாவது ஒரு தையல் இயந்திர மேசையோடு தொழில் தொடங்கியது, ஆற்றில் குளித்த காலம், பிறகு ஆறு நிறம் மாறியது, அதில் தனக்கும் பங்கு உண்டு என்பது, இனிச் சுத்தம் செய்யாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடக் கூடாது என்பது. எழுதி வைத்துப் பேசவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. ஒரு முதலாளி கேமரா முன்னால் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

அந்தப் பதிவு ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. ஒரே ஒரு பிரதி. டிஸ்க் மேல் என் கையெழுத்தில் “பெரியவர் – அழிக்கக் கூடாது” என்று எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. 2021-இல் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைச் சேமிக்க இடம் போதவில்லை என்று அந்த டிஸ்க் என் மேசையிலிருந்து எடுத்துப்போகப்பட்டு அழிக்கப்பட்டது. நான் அன்று விடுப்பில் இருந்தேன். சீட்டு எப்போதோ உதிர்ந்து மேசைக்கு அடியில் கிடந்ததைத் திரும்பி வந்து பார்த்தேன். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே பெரியவர் காலமாகியிருந்தார்.

2023-இல் வெளிநாட்டு வாங்குபவர் ஒருவர், நம் தண்ணீர்ச் சுத்திகரிப்பைப் பற்றி ஒரு காணொளி கேட்டார். வெளி ஏஜென்சி ஒன்று அதை எடுத்துத் தந்தது. ஆற்றைக் காட்ட வேண்டிய இடத்தில் விலைக்கு வாங்கிய ஒரு காட்சியைப் போட்டார்கள். பச்சைக் கரை, தெளிந்த தண்ணீர், நடுவில் ஒரு படகு. நொய்யலில் படகு ஓடி யார் பார்த்தது? எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த உங்கள் முகத்தையும் நான் கவனித்தேன்.

புகைப்படக்காரர்கள் நடுவில் ஒரு கணக்கு உண்டு. மூன்று பிரதி இருக்க வேண்டும், இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். பெரிய செலவு என்று நினைக்க வேண்டாம். இப்போது நாம் எடுக்கும் 4கே காணொளி, நொடிக்கு 100 மெகாபிட் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் பிடிக்கும். ஆண்டுக்கு நாற்பது மணி நேரம் எடுத்தாலும் இரண்டு டெராபைட்டுக்குள் அடங்கிவிடும். நம் கட்டிங் கழிவு ஒரு வாரத்துக்கு விற்கிற காசில் அதற்கான டிஸ்க்குகளை வாங்கிவிடலாம். ஆனால் டிஸ்க் வாங்கினால் மட்டும் போதாது. இது யார் பொறுப்பு என்று ஒரு பெயர் வேண்டும். குடோனுக்குச் சாவி வைத்திருக்க ஒரு ஆள் இருப்பதைப் போல.

இதெல்லாம் சென்னைக்காரர்கள் வேலை, நமக்கு எதற்கு என்று ஒரு கூட்டத்தில் கேட்டீர்கள். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் துணித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர் டி.ஆர். சுந்தரம். அவர் 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ஒரே வளாகத்தில் படப்பிடிப்பு, ஒலிப்பதிவு, படச்சுருள் கழுவும் கூடம் எல்லாம் வைத்து, ஆலையை நடத்துவது போல நேரம் தவறாமல் நடத்தினார். அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படம்கூட 1938-இல் அவர் தயாரிப்பில் வந்ததுதான். படக்கலையில் ஒழுங்கு என்பது நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. துணி படித்த ஒரு மனிதர் அதைப் பக்கத்து ஊரிலேயே செய்து காட்டினார். இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது.

சுற்றறிக்கையின் இரண்டாம் பத்தி, செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வாங்கப்படுவதால் இனி எல்லா வடிவமைப்பு வேலையும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்கிறது. மென்பொருளை வாங்குங்கள், நானே பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன், சில வேலைகளுக்கு உதவுகிறது. பனியன் கழுத்தின் ரிப்பை, அதாவது இழுபடும் பின்னல் பட்டையைச் சட்டைக் காலர் மாதிரித் தைத்துக் காட்டும்போது மட்டும் சிரிப்பு வருகிறது. ஆனால் நேரம் எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா? போன தீபாவளிச் சுவரொட்டிக்கு நான் நாட்குறிப்பு வைத்திருந்தேன். வரைந்து, தமிழ் கோத்து, திருத்தங்கள் போட்டது எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரம். அது ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்தது பதினொரு நாள். திருத்தம் ஏழு முறை வந்தது, ஏழும் வேறு வேறு ஆட்களிடமிருந்து. நான்காவது திருத்தம் இரண்டாவதை ரத்து செய்தது. ஆறாவது, நான்காவதை. ஒன்பது மணி நேர வேலையை மென்பொருள் ஒரு மணி நேரமாகக் குறைத்தாலும் அந்தப் பதினொரு நாள் அப்படியேதான் இருக்கும். வாய்க்காலில் அடைப்பை வைத்துக்கொண்டு கிணற்றில் புது மோட்டார் மாட்டுவது போன்றது இது. தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் உங்களுடையது, இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஊழியரின் கவனக்குறைவால் நட்டம் வந்தது என்று சம்பளத்தில் பிடிப்பதற்கு முன், அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே அது இருந்தது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். இதை வைத்து வழக்குப் போட வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆனால் நாளை வேறு யாராவது நினைக்கக்கூடும்.

நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். ஒட்டிய அதே பலகையில், திரும்பப் பெற்றதையும் ஒட்ட வேண்டும். பிடித்த 4,500 ரூபாயை அந்தப் பெண்ணுக்குத் திருப்பித் தர வேண்டும்.

படத்துக்கும் சீல் சாம்பிள் வேண்டும். பெட்டியோ, உடுப்பில் தொங்கும் ஹேங்டேக் சீட்டோ, சுவரொட்டியோ, காணொளியோ எதுவானாலும், ஒப்புதல் தர ஒருவரை நியமியுங்கள். ஒருவர்தான், 14 பேர் வேண்டாம். மற்றவர்கள் கருத்துச் சொல்லட்டும், நாங்கள் குறித்துக்கொள்கிறோம். ஆனால் கோப்பின் பெயர், பதிப்பு எண், தேதி மூன்றும் உள்ள ஒரு பக்கத்தில் அந்த ஒருவர் கையெழுத்திட்ட பிறகுதான் அது அச்சகத்துக்குப் போக வேண்டும். விலை கேட்க அனுப்பும் கோப்பின் குறுக்கே “அச்சுக்கு அல்ல” என்று பெரிதாக இருக்க வேண்டும். அதை நாளையிலிருந்தே நாங்கள் செய்துவிடுகிறோம், அதற்கு உங்கள் அனுமதிகூடத் தேவையில்லை. கையெழுத்து இல்லாமல் யார் சொன்னாலும், நீங்களே சொன்னாலும், “சீல் வரட்டுங்க” என்று சொல்ல எங்களுக்கு உரிமை வேண்டும். கட்டிங் மாஸ்டருக்குக் கொடுத்த அதே உரிமை.

வேலை தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் ஆர்டர் ஷீட் தாருங்கள். எதற்கு, என்ன அளவு, எந்த மொழி, எங்கே வைக்கப்போகிறோம், எப்போது வேண்டும் என்பவை இருந்தால் போதும். துணி ஆர்டருக்கு முப்பது வரி நிரப்பும் மெர்ச்சண்டைசர் எங்களுக்கு ஐந்து வரி நிரப்ப முடியாதா? திருத்தங்களை ஒன்றாகத் திரட்டி இரண்டு முறை தாருங்கள். மூன்றாவது முறை என்றால் தேதி தள்ளிப்போகும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தமிழ் மெய்ப்புப் பார்க்க ஒருவர் வேண்டும். முழு நேர ஆள் முடியாவிட்டால், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், வாரம் இரண்டு நாள் வந்தால்கூடப் போதும். படங்களையும் காணொளிகளையும் பாதுகாக்கும் பொறுப்பை எங்கள் பிரிவில் ஒருவரின் பெயரில் எழுத்தில் கொடுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த டிஸ்க்கும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. மூன்றாவது பிரதியை வைக்க, கோவை அலுவலகத்தில் ஒரு அலமாரித் தட்டு ஒதுக்குங்கள்.

அழிந்த அந்த டிஸ்க் இன்னும் கண்காணிப்பு அறையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மேலே மேலே எழுதிவிட்டதால் அதிலிருந்து எதுவும் கிடைக்காது என்றுதான் எனக்கும் படுகிறது. இருந்தாலும் தரவு மீட்பவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிப் பார்க்க அதை என்னிடம் கொடுங்கள். செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

வரும் 10-ஆம் தேதி சம்பளப் பட்டியல் போடுவதற்கு முன் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். அந்தப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே பிடித்தம் என்ற கட்டம் காலியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் 2006 முதல் வேலை பார்ப்பவன்,
திருப்பூர்